கைப்பிடியை மறைத்துவிட்டுப் பாருங்கள்

"அம்மா, ஒரே ஒரு வாக்கியம். 'ரொம்ப நல்லா இருக்கு.' அதோட நிறுத்திக்கோ. அதுக்கு மேல ஒரு எழுத்து வேணாம்."

வீட்டிலிருந்து கிளம்பியது முதல் காரின் பின்னிருக்கையில் இருந்த மகள் இதையே சொல்லிக்கொண்டு வந்தாள். முன்னிருக்கையில் இருந்தவள் சரி சரி என்று தலையாட்டினாள். வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த கணவன் பக்கக் கண்ணாடியில் தன் மீசையை ஒருமுறை பார்த்துக்கொண்டான். காலையில்தான் சாயம் பூசியிருந்தான்.

"அப்படியே என் மீசையைப் பத்தியும் அங்க ஒண்ணும் சொல்லிடாதே, தாயே."

"உங்க மீசையைப் பத்தி நான் சொல்ல வேண்டியதே இல்ல. அதுவே சொல்லும்."

"பார்த்தியாப்பா? இதைத்தான் சொல்றேன்!" என்று மகள் அலறினாள்.

அம்மாக்காரி வேலை செய்வது ஓர் ஏலக் கம்பெனியில். பழைய ஆயுதங்களைப் பார்த்து, எது எந்தக் காலத்தது, எது அசல், எது பின்னால் ஒட்டவைத்தது என்று சொல்லவேண்டிய பிரிவு. கழுத்தில் எப்போதும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி தொங்குவதால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் லென்ஸ் அக்கா. தாத்தாவின் துப்பாக்கி என்று யாராவது துணியில் சுற்றி எடுத்துவந்தால், பார்த்துவிட்டு, "இது உங்க தாத்தா காலத்துது இல்ல தம்பி, உங்க காலத்துது" என்பாள். வந்தவர் முகம் தொங்கிப்போகும். அது அவளுக்கு வருத்தமாக இருக்கவேண்டும். ஆனால் சரியாகச் சொல்லிவிட்டோம் என்ற அந்த நொடியில் அவள் நாக்குக்கடியில் ஓர் இனிப்பு ஊறும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தனக்கே சொல்லிக்கொள்ளவும் வெட்கம்தான்.

கணவனின் மேலாளர் கொடுத்த விருந்தில், அவருடைய பரம்பரை வாளைப் பார்த்து, "பிடியில வெல்டிங் தெரியுது சார்" என்று சொன்னது அந்த இனிப்புக்காகத்தானோ என்று பிறகு பலநாள் யோசித்திருக்கிறாள். அடுத்த மாதமே கணவனின் மேசை ஜன்னலோரத்திலிருந்து கழிப்பறையோரத்துக்கு இடம்பெயர்ந்தது.

இன்றைக்கு அதைவிடப் பெரிய விஷயம். மகள் தானே பார்த்துப் பிடித்த பையன். பையனின் அம்மாவுக்குச் சம்மதம். அப்பா மட்டும் "பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தார். அந்த வீட்டில் "பார்க்கலாம்" என்பது "மாட்டேன்" என்பதற்கு அடுத்த வீடு என்று பையனே சொன்னானாம். அவர் பல் டாக்டர். துப்பாக்கி சுடும் கிளப்பில் உறுப்பினர். காலமான அண்ணனின் பழைய ரிவால்வர் ஒன்று அவரிடம் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அதை எடுத்துக் காட்டுவார். வரப்போகிற சம்பந்தி இந்தத் துறையிலேயே வேலை பார்ப்பவள் என்று கேள்விப்பட்டதும், "அப்போ சாப்பிட வரச்சொல்லு, அவங்களும் பார்க்கட்டும்" என்றிருக்கிறார்.

கீழே கிளினிக், மேலே வீடு. மாடிப்படி முழுக்கக் கிராம்பு எண்ணெய் வாசனை. படித் திருப்பத்தில் பிளாஸ்டர் தாடைகள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தன. வாசலிலேயே நின்றிருந்த டாக்டர் வணக்கம் சொல்லும்போதே மூவரின் பற்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டார்.

"வாங்க மேடம், வாங்க சார்."

மேடம் என்றார். சம்பந்தி என்று சொல்லவில்லை. மகள் அவள் முழங்கையை மெல்லக் கிள்ளினாள்.

சாப்பாடு நன்றாகவே நடந்தது. டாக்டரின் மனைவி உருண்டையான, சிரித்த முகக்காரி. கேட்காமலே பரிமாறினாள். பையன் அப்பா முன்னால் தண்ணீர் கேட்கக்கூடத் தயங்கினான். கணவனோ, கிளினிக்கில் யாராவது கடித்திருக்கிறார்களா என்று கேட்டு டாக்டரைச் சிரிக்கவைத்தான். அவள் குறைவாகப் பேசி நிறையத் தலையாட்டினாள். இப்படியே போனால் பிழைத்துவிடலாம் என்று தோன்றியபோது, டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, உள்ளேயிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்துவந்தார்.

சிவப்பு வெல்வெட் பள்ளத்தில் ரிவால்வர் கிடந்தது. நீலக் கருமையில் பளபளப்பு. வால்நட் மரக் கைப்பிடி, வரிவரியான செதுக்கலுக்கு நடுவில் திருகாணியைச் சுற்றிச் செதுக்காமல் விட்ட சாய்சதுரம்.

"எங்க அண்ணனோடது. மாநிலப் போட்டியில இதை வச்சுத்தான் கோப்பை வாங்கினான். போனப்புறம் என்கிட்ட வந்துது. நான் இதால சுடறதே இல்ல மேடம். தொட்டாலே கை நடுங்கும். எனக்குன்னு ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். அதே கம்பெனி, ஆனா ரொம்பப் பின்னால வந்தது. சுத்தத் தகர டப்பா. வாராவாரம் கிளப்புக்கு அதைத்தான் தூக்கிட்டுப் போறேன்."

"என்ன பளபளப்பு!" என்றான் கணவன்.

"இவ பண்ணது. என் அறுபதாவது பிறந்தநாளுக்கு, எனக்குத் தெரியாம ரெண்டையும் கொடுத்துப் புதுசா பாலிஷ் போட்டு, துருப்பிடிக்காம இருக்க நீலப்பூச்சு ஏத்தி வாங்கி வச்சுட்டா. கிளப்புல ரெண்டு பேருமே உறுப்பினர், உரிமத்துல ரெண்டு பேர் பேரும் இருக்கு. அந்தத் தைரியம்."

டாக்டரின் மனைவி சிரித்தாள். சிரிப்பு கொஞ்சம் சீக்கிரமாகவே முடிந்தது.

டாக்டர் ரிவால்வரை எடுத்து நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை. இருபது வருடப் பழக்கம்.

"உருளையைத் திறந்து காட்டிடுங்க டாக்டர். திறக்காத துப்பாக்கியை நான் வாங்கறதில்ல."

"ஆகா! அண்ணனும் இதையேதான் சொல்லுவான்" என்று மகிழ்ந்துபோய் அவர் தோட்டாக்கள் நுழையும் உருளையை வெளியே தள்ளிக் காட்டினார். காலியான ஆறு துளைகள்.

அதைப் பார்த்தவுடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இந்தக் கம்பெனியின் இந்த வகையில், பழையவற்றில் உருளையின் பின்புறம் ஒவ்வொரு துளையின் வாயும் சற்றுக் குடையப்பட்டிருக்கும். தோட்டாவின் அடிவிளிம்பு அந்தக் குடைவுக்குள் அமிழ்ந்துவிடும். பின்னால் வந்தவற்றில் அந்தக் குடைவை விட்டுவிட்டார்கள். பின்புறம் தட்டையாக இருக்கும், தோட்டா விளிம்பு வெளியே துருத்தும். இது தட்டை. அதைக் கையில் வாங்கி, குழல் துப்பாக்கியின் உடற்சட்டத்தோடு சேரும் இடத்தைத் திருப்பிப் பார்த்தாள். பழையதில் அங்கே குறுக்காக ஒரு சின்ன ஆணி அடித்திருப்பார்கள். இதில் ஆணியும் இல்லை. கைப்பிடி மட்டும் சந்தேகமில்லாமல் பழசு. ஏதோ ஒரு பாட்டன் காலத்து மரம், புதுத் துப்பாக்கியின் மேல் உட்கார்ந்துகொண்டிருந்தது.

நாக்குக்கடியில் இனிப்பு ஊறத் தொடங்கியது. எதிரில் மகள். அவள் கண்களில் இருந்தது கெஞ்சலா மிரட்டலா என்று சொல்ல முடியாது. சின்ன வயதில் ஊசி போடும்முன் அம்மாவைப் பார்த்த அதே பார்வை.

'ரொம்ப நல்லா இருக்கு' என்று சொன்னால் முடிந்தது. வாயைத் திறந்தாள். வரவில்லை. மேசையில் வைத்த பொருளைப் பற்றிப் பொய் சொல்லி அவள் நாக்குக்குப் பழக்கமே இல்லை. வேறு எதற்கெல்லாமோ பொய் சொல்லியிருக்கிறாள், புடவை விலைக்கு, உறவினர் வீட்டுச் சமையலுக்கு. இதற்கு மட்டும் வராது. உண்மையாகவும் இருக்கவேண்டும், ஊமைக்காயமும் படக்கூடாது. அப்படி ஒரு வாக்கியத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"இந்தக் கைப்பிடி மரம் இருக்கே டாக்டர், அருமை. நிஜமாவே பழசு."

மகள் மூச்சை விட்டாள். டாக்டர் விடவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"மேடம், நான் ஒருத்தர் வாயைத் திறந்து பார்த்துட்டு, 'உங்க உதடு ரொம்ப அழகு'ன்னு சொன்னா என்ன அர்த்தம்? பல்லுல ஏதோ இருக்குன்னு அர்த்தம்."

பையன் தட்டில் இல்லாத பருக்கையைத் தேடினான்.

"சம்பந்தி, கொஞ்சம் உள்ள வாங்களேன், டீ போடலாம்" என்று டாக்டரின் மனைவி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

சமையலறைக் கதவு மூடியதும் அந்தச் சிரித்த முகம் அப்படியே சுருங்கியது.

"உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்க முகத்துலயே பார்த்தேன்."

"என்ன தெரிஞ்சது?"

"நான்தான் மாத்திட்டேன் சம்பந்தி." அவள் அடுப்பைப் பற்றவைக்காமலே பாத்திரத்தை மேலே வைத்தாள். "பாலிஷ் போட்டவர் ரெண்டையும் எண்ணெய் தடவிக் கொடுத்தார். காயட்டும், அப்புறமா பிடியை மாட்டுங்கன்னு பிடிகளைத் தனியா காகிதத்துல சுத்திக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தா ரெண்டும் ஒரே பளபளப்பு. முன்னல்லாம் பழசு நீலமா மின்னும், முனையில தேஞ்சிருக்கும். புதுசு மங்கலா இருக்கும். அதை வச்சுத்தான் எங்களுக்கு அடையாளம். அன்னைக்கு எது எதுன்னே தெரியல. மரப்பிடி எதுல சட்டுன்னு உட்கார்ந்துதோ அதுல போட்டுத் திருகிட்டேன். அன்னைலேர்ந்து அவர் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் சரியாத்தான் போட்டிருப்பேன்னு நினைச்சுக்குவேன்."

"உரிமத்துல நம்பர் இருக்குமே?"

"ரெண்டு நம்பரும் இருக்கு. எது பழசு எது புதுசுன்னு அதுல எங்க போட்டிருக்கு? அவரும் பார்க்கமாட்டார். மரப்பிடின்னா அண்ணன், ரப்பர் பிடின்னா தகர டப்பா. அவ்வளவுதான் அவர் கணக்கு. தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க சம்பந்தி. இப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

இப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் அவளுக்கும் தோன்றியது. யாருக்கு என்ன நஷ்டம்? ஒருவர் ஒரு பெட்டியை வணங்குகிறார். உள்ளே இருப்பது வேறு. உலகத்தில் பாதிப்பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். வாயை மூடிக்கொள்வதும் ஒரு திறமை, அதை இன்றைக்குக் கற்றுக்கொண்டால் என்ன? ஒருவழியாக அடுப்பு மூட்டிப் போட்ட டீயை எடுத்துக்கொண்டு இந்த முடிவோடுதான் வெளியே வந்தாள்.

வெளியே டாக்டர் அவள் கணவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "வீட்டுல ரெண்டு எதுக்கு சார்? எனக்கும் வயசாகுது. திங்கட்கிழமை அந்தத் தகர டப்பாவைக் கிளப்புக்கே எழுதிக் கொடுத்துடப்போறேன். புதுசா கத்துக்கறவங்க போட்டு அடிக்கட்டும். அண்ணனுது மட்டும் இருந்தாப் போதும்."

டீத்தட்டை அவள் மேசையில் வைத்துவிட்டாள். அவள் திரும்பிப் பார்த்தாள். கதவருகே டாக்டரின் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் இது இப்போதுதான் தெரிகிறது.

இனிப்பு போன இடம் தெரியவில்லை. சரியாகச் சொல்வது, தவறாகச் சொல்வது என்பதெல்லாம் போய், திங்கட்கிழமை என்பது மட்டும் மிஞ்சியது. அண்ணன் கோப்பை வாங்கிய துப்பாக்கி யார் யார் கைக்கோ போய்விடும். அதைக் கொடுத்தவர் காலத்துக்கும் வேறொன்றைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருப்பார். அவளால் சொல்லவும் முடியாது. மகளுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. உள்ளே ஒருத்தி கையைப் பிடித்துக் கெஞ்சியாயிற்று.

சொல்லத்தானே கூடாது?

"டாக்டர், அந்தத் தகர டப்பாவையும் கொஞ்சம் எடுத்துட்டு வர்றீங்களா? கூடவே நீங்க பல் பார்க்கிற சின்னக் கண்ணாடி, அந்த வளைஞ்ச ஊசி, ரெண்டையும்."

"அம்மா!" என்றாள் மகள்.

"நான் ஒண்ணும் சொல்லப்போறதில்லடா. டாக்டர்தான் சொல்லப்போறார்."

டாக்டருக்கு அவள் எண்ணம் புரியவில்லை என்றாலும், தன் கருவிகளைக் கேட்டதில் ஓர் உற்சாகம் வந்துவிட்டது. இரும்பு அலமாரியிலிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்து, உருளையைத் திறந்து காட்டி, மேசைமேல் வைத்தார். கறுப்பு ரப்பர் பிடி. அவள் இரண்டு கைத்துடைப்பான்களை எடுத்து இரண்டு கைப்பிடிகளையும் சுற்றி மூடினாள். பிறகு அவரைத் திரும்பி நிற்கச் சொல்லி, இரண்டையும் இடம் மாற்றி வைத்தாள்.

"இப்போ இவங்க ரெண்டு பேரும் உங்க பேஷண்ட். பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. வாயைத் திறந்துட்டு உட்கார்ந்திருக்காங்க. பார்த்துட்டுச் சொல்லுங்க."

டாக்டர் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "மேல்பூச்சு ரெண்டுலயும் ஒண்ணுதான்."

"மேல்பூச்சை விடுங்க. பல்லுக்குத் தொப்பி போட்டுட்டா வெளியில எல்லாம் ஒண்ணுதானே?"

"அது சரி." அவர் சின்னக் கண்ணாடியை இடது ரிவால்வரின் உருளைக்குப் பின்னால் பிடித்தார். ஊசியால் துளையின் ஓரத்தைத் தடவினார். "இங்க மழுங்கத் தட்டையா இருக்கு." வலது பக்கம் வந்தார். ஊசி ஓரத்தில் இறங்கி நின்றது. மீண்டும் தடவினார். "இதுல ஒரு குடைவு இருக்கே. எல்லாத் துளையிலயும் இருக்கு."

"குழல் சட்டத்துல சேர்ற இடத்தையும் பாருங்களேன்."

"ஒரு புள்ளி தெரியுது. இல்ல, ஆணி. குறுக்கால போகுது. அந்தப்பக்கமும் அதோட தலை தெரியுது. மத்ததுல அது இல்ல." அவர் குரல் மெதுவாகியது. மறுபடி அந்தக் குடைவுக்கே போனார். கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "இந்தக் குடைவு தோட்டா உட்கார்றதுக்கு. விளிம்பு உள்ள முங்கிடும். அண்ணன் சொல்லுவான்... எனக்குக் காட்டுவான். 'பாருடா, தலையணையில தலை வச்ச மாதிரி படுத்துக்குது'ன்னு."

அவர் ஊசியைக் கீழே வைத்தார்.

"வாராவாரம் நான் போடறேனே தோட்டா. அதுல முங்கத்தானே செய்யுது!"

துணியை இழுத்தார். கறுப்பு ரப்பர் பிடி.

குனிந்து அந்தப் பிடியை விரலால் தடவினார். முப்பது வருடமாக அடுத்தவர் வாயில் அசல் எது, கட்டினது எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர். அவர் தலைநிமிர்ந்தபோது அவளுக்குப் பயமாக இருந்தது. மேலாளர் வீட்டு விருந்தில் பார்த்த முகம் இப்படித்தான் தொடங்கியது.

"கைப்பிடி மாறியிருக்கு. யார் மாத்தினது மேடம்?"

"அது என்கிட்ட கேட்கவேண்டிய கேள்வி இல்ல டாக்டர்."

"நான்தான்" என்றாள் அவர் மனைவி சுவரோரத்திலிருந்து. "தெரியாம மாட்டிட்டேன். அப்புறம் தெரிஞ்சுக்கப் பயந்துட்டேன்."

டாக்டர் மனைவியைப் பார்த்தார். ரிவால்வரைப் பார்த்தார். "நாலு வருஷமா இதைத் தகர டப்பா, தகர டப்பான்னு திட்டிட்டிருந்திருக்கேன்!"

"அவருக்கு அது புதுசா என்ன? உயிரோட இருந்தப்பவும் உங்க அண்ணனை அப்படித்தானே திட்டுவீங்க?" என்றாள் மனைவி.

முதலில் லென்ஸ் அக்காவின் கணவனிடமிருந்துதான் சத்தம் வந்தது. சிரிப்பை அடக்கப்போய் இருமல் மாதிரி. அப்புறம் பையன். டாக்டரின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அவள் எட்டிப்பார்த்தாள். சிரிப்பு. கண்ணில் ஈரமும் இருந்தது, ஆனால் சிரிப்புதான் அதிகம். "தொட்டாலே கை நடுங்கும்னேன். வாராவாரம் தோளுல தட்டிக்கொடுத்து, கெட்டவார்த்தை சொல்லி, அவனோடதான் போயிட்டு வந்திருக்கேன். குறிகூடத் தப்பினதில்லயே!"

"திங்கட்கிழமை?" என்று மகள் மெல்லக் கேட்டாள்.

"எவன் கொடுப்பான் இதை?" என்று அவர் ரிவால்வரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு சந்தேகத்தோடு, "பாலிஷ் போட்டதுல ஏதாவது கெட்டுப்போச்சா? உண்மையைச் சொல்லுங்க" என்றார்.

அவள் மகளைப் பார்த்தாள். மகள் என்ன நினைத்தாளோ, தலையசைத்தாள்.

"கெட்டுத்தான் போச்சு. எழுத்து பாருங்க, ஓரம் கரைஞ்சிருக்கு. திருகாணித் துளையைச் சுத்திக் கிண்ணம் மாதிரி குழி விழுந்திருக்கு. கூரா இருக்கவேண்டிய விளிம்பெல்லாம் உருண்டுபோச்சு. சேகரிக்கிறவங்க பார்த்தா முகம் சுளிப்பாங்க. அந்தப் பழைய நீலம் இனிமே திரும்பாது."

டாக்டரின் மனைவி முகம் சிறுத்துப்போனது. டாக்டர் அதைக் கவனித்துவிட்டார். "போகட்டும்மா. அவன் இருந்திருந்தா அவனுக்கே இப்போ தலைக்குச் சாயம் பூசியிருப்பே நீ" என்றார். அவள் கணவனின் கை தானாக மீசைக்குப் போனது.

அதற்குப் பிறகு ஒரே ரகளை. திருகாணி முடுக்கி எங்கே என்று பையன் ஓடினான். நான் மாட்டினதை நானே கழற்றுவேன் என்று டாக்டரின் மனைவி பிடிவாதம் பிடித்தாள். மரப்பிடி பழையதற்கு வந்தது, ரப்பர் புதியதற்குப் போனது. மாட்டும்போது முடுக்கி வழுக்கி, மரத்தில் மயிரிழை மாதிரி ஒரு கீறல் விழுந்தது. டாக்டர் அதைக் கையில் வாங்கி, பிடித்து, எடை பார்த்து, முகத்தைச் சுளித்தார்.

"மணிக்கட்டுல இடிக்குதே. அந்த ரப்பரே தேவலை. திரும்ப மாத்திடும்மா."

"முடியவே முடியாது. இன்னொரு தடவை இதுல கை வைக்கமாட்டேன், சொல்லிட்டேன்."

"நீங்களே சொல்லுங்க" என்று டாக்டர் அவள் பக்கம் திரும்பி, ரிவால்வரின் உருளையை மறக்காமல் திறந்துகாட்டி நீட்டினார். "இப்போ எப்படி இருக்கு, சம்பந்தி?"

மேசைக்கு அடியில் மகளின் கால் அவள் காலைத் தேடிவந்து அழுத்தியது. சம்பந்தி என்ற சொல் அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

அவள் கழுத்துக் கண்ணாடியை எடுக்காமலே பார்த்தாள். கரைந்த எழுத்துகள், குழிந்த திருகாணித் துளைகள், மரத்தில் இப்போதுதான் விழுந்த கீறல். அதைப் போட்டவள் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். நாக்குக்கடியில் எதுவும் ஊறவில்லை. தேடவும் தோன்றவில்லை.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். அதற்கு மேல் ஓர் எழுத்தும் சொல்லவில்லை.